குடிவருபவர் மேல் வழக்கு உண்டா?

வீட்டை வாடகைக்கு விடப்போகிறேன். வருபவர் மேல் வழக்கு இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா? — வாசகர், உழவர்கரை, புதுச்சேரி

முடியும், காசும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தமிழ்நாட்டுக்குள் தேடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு உட்பட்டதென்றாலும் புதுச்சேரி அங்கே தனியாகவே இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தைத் தேர்ந்தெடுத்து, பெயரையும் பதிவான ஆண்டையும் கொடுங்கள். நிலுவை, முடிந்தவை இரண்டையும் கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டாகத்தான் தேட வேண்டும். பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றியும், இனிஷியலை முன்னும் பின்னும் போட்டும் பாருங்கள்.

பெயர் வந்துவிட்டதாலேயே ஆளைத் தள்ளிவிடாதீர்கள். அதே பெயரில் வேறொருவர் இருக்கலாம். இவரே வழக்குப் போட்டவராகவும் இருக்கலாம். நெருப்பில்லாமல் புகையுமா என்பீர்கள். விடுதலையானவரின் வழக்கும் அதே பட்டியலில்தான் வரும். ஆகவே உத்தரவைத் திறந்து படியுங்கள், தண்டனை இருந்தால் அதில் தெரியும். ஒன்றும் வராததும் நற்சான்று ஆகாது. காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆரைத் தேடினாலும் எல்லாம் கிடைக்காது; அவற்றை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்பே பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு அளித்திருக்கிறது. வெளியூர் வழக்கும் புதுச்சேரிப் பக்கத்தில் வராது. அவருடைய சொந்த மாவட்டத்திலும் தேடுங்கள். பிறகு அடையாள அட்டை நகலோடு உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் குடியிருப்போர் விவரத்தைக் கொடுத்துவிடுங்கள்.