வெண்பனி சாம்பலாவது ஏன்?

கேள்வி: நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் குளிர்காலத்தில் நிலக்காட்சிகளைப் படமெடுக்கச் செல்வோர் கேமராவை எவ்வாறு காக்க வேண்டும்? பனி மூடிய மலைகள் படத்தில் சாம்பல் நிறமாகத் தெரிவதற்குக் காரணம் என்ன?

பதில்: லோஃபோட்டன் 68 டிகிரி வடக்கு அட்சரேகையில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் அமைந்திருந்தாலும், தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் அதன் கரையோர வெப்பநிலை நடுக்குளிர்காலத்திலும் 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. வடநார்வேயின் உள்நாட்டுப் பகுதியான காரஷோக்கிலோ 1886-இல் மைனஸ் 51.4 டிகிரி பதிவாகியுள்ளது. ஆகவே தீவுகளுக்குச் செல்பவர் கடுங்குளிரைவிட ஈரத்துக்கே அதிகம் அஞ்ச வேண்டும். கடற்காற்றில் வந்து லென்ஸில் படியும் உப்புத்துளியை உலர்ந்த துணியால் தேய்த்தால், உப்புப் பரல்கள் கண்ணாடியைக் கீறிவிடக்கூடும். நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் முதலில் ஒற்றியெடுத்து, அதன் பிறகே உலரத் துடைப்பது நலம்.

பெரும்பாலான சேதம் வெளியில் நேர்வதில்லை, அறைக்குத் திரும்பும்போதே நேர்கிறது. குளிரூட்டிய காரிலிருந்து சென்னை வெயிலில் இறங்கும்போது மூக்குக்கண்ணாடியில் நீர் படர்வதைப் போலவே, குளிர்ந்த கேமரா சூடான அறைக்குள் நுழைந்ததும் அறைக்காற்றின் ஈரம் அதன் மேலும் உள்ளும் நீராகப் படிகிறது. இதைத் தவிர்க்க, வெளியில் இருக்கும்போதே மெமரி கார்டை எடுத்துவிட்டு, கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அது அறையின் வெப்பத்தை அடையும் வரை இரண்டு மூன்று மணி நேரம் பையைத் திறக்காமல் வைக்க வேண்டும். படங்களை உடனே பார்க்கும் ஆவலில் பையைத் திறப்பதே பலரும் செய்யும் பிழை. லித்தியம் அயான் பேட்டரி குளிரில் விரைவில் ஓய்ந்துவிடுவதால், மாற்று பேட்டரிகளை உட்சட்டைப் பையில் உடற்சூட்டில் வைத்திருப்பது வழக்கம். தீர்ந்துவிட்டதாகக் காட்டும் பேட்டரியும் சூடேறியபின் சிறிது நேரம் உழைக்கும்.

பனி சாம்பலாவது கேமராவின் ஒளியளவியால் நிகழ்வது. எதிரிலுள்ள காட்சி, தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்றே அக்கருவி கொள்கிறது. புதுப்பனியோ 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பியனுப்புவதால், ஒளி மிகுந்துவிட்டதாக எண்ணிக் கருவி அதைக் குறைத்துவிடுகிறது. எனவே, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் எனப்படும் ஒளித் திருத்தத்தை ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இருமடங்காகும். மங்கலான அந்தியில் கேமராத் திரை உள்ளதைவிடப் பிரகாசமாகத் தோன்றி ஏமாற்றுவதால், ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தையே நம்புவது நல்லது. அதன் குவியல் வலது ஓரத்தை நெருங்க வேண்டும், முட்டக்கூடாது.

பனியின் நிழல்களில் தோன்றும் நீலம் பிழையன்று. நிழலுக்கு வானத்தின் ஒளி மட்டுமே கிடைப்பதால் அங்கே நீலம் உண்மையாகவே இருக்கிறது. ஒயிட் பேலன்ஸ் எனப்படும் நிறச் சமநிலையைத் திருத்தி அதை முற்றிலும் அகற்றினால் வடதிசைக் குளிர்காலத்தின் இயல்பே படத்திலிருந்து போய்விடும். டிசம்பர் முற்பகுதியிலிருந்து ஜனவரி முற்பகுதி வரை லோஃபோட்டனில் சூரியன் உதிப்பதில்லை; நண்பகலையொட்டிச் சில மணி நேரம் நீல அந்தியொளி மட்டுமே உண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களே படத்துக்கு மிகச் சிறந்தவை: தாழ்ந்த சூரியனின் ஒளி மலைகளில் பக்கவாட்டாக விழுகிறது; ரெய்னே, ஹாம்னேய் ஊர்களில் ரோர்பு எனப்படும் சிவப்பு மீனவர் குடில்கள் பனியினூடே தனித்துத் தெரிகின்றன; உப்பிடாமல் காற்றிலேயே காயவைக்கும் காட் மீன்கள் மரச்சட்டங்களில் இணையிணையாகத் தொங்குகின்றன. எல்லோரும் நிற்கும் இடத்திலிருந்து எடுக்கும் மற்றொரு மலைப்படத்தைவிட, வால்கள் சேர்த்துக் கட்டப்பட்ட அம்மீன்களின் வரிசையை நெருங்கி எடுத்த படம் அவ்வூர்களின் வாழ்வை அதிகம் சொல்லும்.

கேள்வி: அரோரா எனப்படும் துருவ ஒளிக்கு எந்த அமைப்பு பொருந்தும்?

பதில்: முக்காலி இன்றியமையாதது. அப்பர்ச்சரை எஃப் 2.8 அளவுக்குத் திறந்து, ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர் திறனை 1600 முதல் 3200 வரை வைத்து, ஒளி விரைந்து அசைந்தால் 2 அல்லது 3 விநாடியும், மந்தமாகப் படர்ந்திருந்தால் 10 விநாடி வரையும் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். நேரம் நீண்டால் ஒளித்திரையின் மடிப்புகள் கலங்கி வெறும் பச்சைப் படலமாகிவிடும். இருளில் ஆட்டோஃபோகஸ் தடுமாறுவதால், பிரகாசமான விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிக் கையாலேயே குவியப்படுத்தி, லென்ஸ் வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட வேண்டும்.