முறிந்த தண்டுவடம், முறியாத வாழ்வு



"சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம்" என்பது பழமொழி. அச்சுவரில் ஒரு பகுதி இடிந்துவிட்டால் சித்திரம் வரைய முடியாதா? நாங்கள் எட்டாம் வகுப்பில் படித்தபோது இக்கேள்வி எங்கள் முன் எழுந்தது.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்தார். ஓடி வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, காரில் உட்கார வைத்துக் கொண்டு சென்றனர். உயிர் பிழைத்தார். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

முதுகெலும்பு 33 முள்ளெலும்புகள் அடுக்கிய தூண். அதனுள்ளே ஓடும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. மூளையின் கட்டளையை உடலுக்கும், உடலின் செய்தியை மூளைக்கும் கொண்டு செல்வது அதுவே. அது சிதைந்தால் முன்போல் ஆக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே, உயரத்திலிருந்து விழுந்தவரை மடக்கித் தூக்கக்கூடாது. 108-ஐ அழைத்து, உதவி வரும்வரை கழுத்தும் முதுகும் அசையாமல் படுத்திருக்கச் செய்ய வேண்டும்.

பிழைத்தவர் நலமாக வாழச் சில விதிகள் உள்ளன.

முதலாவது, தோல். வலி தெரியாததால் ஒரே நிலையில் கிடப்பார், படுக்கைப்புண் வரும். படுக்கையில் இரண்டு மணிக்கு ஒரு முறை புரண்டு படுக்க வேண்டும். நாற்காலியில் கால் மணி, அரை மணிக்கு ஒரு முறை கைகளை ஊன்றி உடலை உயர்த்த வேண்டும். சூடான காப்பித் தம்ளரை மடியில் வைத்தால் தோல் வெந்தாலும் தெரியாது.

இரண்டாவது, சிறுநீர். அது நிறைந்ததை உடல் அறிவிக்காது. மருத்துவர் சொன்ன நேரத்தில் தூய்மையான குழாய் மூலம் வெளியேற்ற வேண்டும். தவறினால் சிறுநீரகம் கெடும்.

மூன்றாவது, அசைவு. கால் மூட்டுகளை நாள்தோறும் பிறர் கையாலாவது மடக்கி நீட்டாவிட்டால் விறைத்துப்போகும்.

முற்காலத்தில் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே இவர்களில் பலரின் உயிரைக் குடித்தன. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் இவ்விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திப் பலரைக் காத்தார். 1948-இல் அவர்களுக்கு விளையாட்டுப் போட்டியும் நடத்தினார்!

நம் வேலூரை நோக்குவோம். கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் சிக்கி, கால்கள் செயலிழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நான்காவது விதி மனத்தைப் பற்றியது. தோழியின் தந்தை பல மாதங்கள் யாரோடும் பேசவில்லை. ஒரு நாள் நாங்கள் அவரைச் சுற்றி நின்று கண்கலங்கினோம். "அழாதீங்க பிள்ளைகளா, உட்கார்ந்து பேசுங்க. நிமிர்ந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலிக்குது" என்றார். அன்று நாங்கள் பாடம் கற்றோம். இன்று அவர் வீட்டு வாசலில் சிறு கடை நடத்துகிறார்.

ஆனால் சென்ற ஆண்டு விழாவிற்கு வந்தவர், மண்டபத்தின் நான்கு படிகளைக் கண்டு திரும்பிவிட்டார். அவரைத் தடுத்தது முதுகெலும்பன்று, படிகளே! ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு வேண்டும் என்று படித்தோம். படிகளின் உயரம் இரண்டடி. எனவே 24 அடி எனக் கணக்கிட்டுத் தலைமையாசிரியைச் சகோதரியிடம் கொடுத்தோம். சரிவுப்பாதை எழுந்தது. இவ்வாண்டு அவர் முதல் வரிசையில் அமர்ந்து, மகள் பரிசு பெறுவதைக் கண்டார்.

தோழியரே, இரக்கம் கண்ணீரோடு நின்றுவிடலாகாது. இடிந்த சுவரிலும் சித்திரம் வரையலாம், வரைபவருக்கு வழிவிடுவோமாக!