திணறித் திணறி நின்ற கார்

காற்றழுத்தம் பற்றிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அது ஒரு காரையே நிறுத்திவிடும் என்பது எனக்கு இந்தக் கோடை விடுமுறையில்தான் தெரிந்தது.

என் மாமா ஒரு பழைய பெட்ரோல் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். கார்புரேட்டர் உள்ள கார். ஏப்ரலில் அதற்கு ஒரு வியாதி வந்தது. இருபது கிலோமீட்டர் போனதும் திணறி நின்றுவிடும். கால் மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஒருநாள் பிரசவ வலியோடு ஒரு அக்காவை ஏற்றிப் போகும்போது நின்றுவிட்டது. அவங்க நடுவழியில் வேறு வேனில் ஏறிப் போனாங்க. அதற்குப் பிறகு யாரும் மாமாவைக் கூப்பிடவில்லை. எடைக்குப் போட்டுடலாம்னு மாமா சொன்னார்.

வெயிலில் பெட்ரோல் ஆவியாகி பம்பை அடைக்குது, ஈரத்துணி போடுங்க என்றார்கள் எல்லோரும். இது பொய்யில்லை. பழைய கார்களில் பம்ப் இன்ஜினை ஒட்டியே இருக்கும். சூட்டில் ஆவி சேர்ந்துவிட்டால் பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. மாமாவும் துணி போட்டார், கார் ஓடியது. நாங்களும் நம்பிட்டோம். இக்னிஷன் காயிலையும் மாற்றிப் பார்த்தார். பலன் இல்லை.

ஆனால் மழை பெய்து குளிர்ந்த ஒரு ராத்திரியிலும் நின்றது! துணியால் ஓடியதா, காத்திருந்ததால் ஓடியதா? இரண்டையும் சேர்த்தே செய்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை துணி போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்பவும் ஓடியது.

பக்கத்து ஊர் மெக்கானிக் தாத்தா ஒரே கேள்விதான் கேட்டார். "பட்டுன்னு நிக்குதா, திணறி நிக்குதா?" தீப்பொறி நின்றால் சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்குமாம். பெட்ரோல் வராவிட்டால், கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருப்பது எரியும்வரை திணறுமாம். அடுத்த முறை நின்ற உடனே டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். உஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. கார் உடனே கிளம்பியது!

பழைய மூடி மார்ச்சில் தொலைந்துபோய், மாமா பூட்டு வைத்த புது மூடி வாங்கியிருந்தார். அதில் காற்று போக ஓட்டை இல்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரணும். வராவிட்டால் டேங்குக்குள் அழுத்தம் குறைந்து, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. எண்ணெய் டின்னில் அம்மா இரண்டு ஓட்டை போடுவது இதற்குத்தான். காத்திருக்கும்போது இடுக்கு வழியாக மெதுவாகக் காற்று கசிந்திருக்கிறது. டேங்க் நிறையப் போட்ட நாளில் சீக்கிரம் நின்றதுக்கும் காரணம் இப்பதான் புரிந்தது. உள்ளே காற்று கொஞ்சமாக இருந்தால் அழுத்தம் வேகமாகக் குறையும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாயால் இறுக்கி மூடி உறிஞ்சிப் பாருங்கள். பாட்டில் சப்பையாகும், அப்புறம் தண்ணீர் வராது. (பெட்ரோலை வைத்து எதுவும் செய்து பார்க்காதீர்கள்.)

மாமா ஓட்டை உள்ள மூடி வாங்கிப் போட்டுவிட்டார். காயிலுக்குச் செலவான பணத்தை மட்டும் சொல்ல மாட்டேங்கிறார். அந்த அக்காவுக்குப் பெண் குழந்தை. போன வாரம் தடுப்பூசி போட மாமா காரில்தான் போனாங்க.