யார் பக்கம் நியாயம்? – ‘கண்டம்’ படங்களும் பார்வையாளர் கருத்துகளும்

போர்ப்படம் ஒன்றைப் பார்த்து முடித்தவுடன் நம்மில் பலரும் கேட்கும் முதல் கேள்வி, ‘யார் நல்லவன், யார் கெட்டவன்?’ என்பதுதான். கதாநாயகன் பக்கம் நியாயம், வில்லன் பக்கம் அநியாயம் என்று பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. அந்தப் பழக்கத்துக்குச் சவால் விடும் ஒரு ஜப்பானியப் படவரிசையை எடுத்துக்கொண்டு, பார்வையாளர்கள் அதைப் பற்றிக் கொண்டுள்ள கருத்துகளையும், மலேசியத் தமிழ் மாணவர்களாகிய நாம் அதிலிருந்து பெறக்கூடிய பாடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படம் பிறந்த கதை

‘மொபைல் சூட் கண்டம்’ முதலில் தொலைக்காட்சித் தொடராகவே வந்தது. 1979 ஏப்ரல் 7ஆம் நாள் தொடங்கிய இத்தொடரை இயக்கியவர் யோஷியுகி தோமினோ. (தமிழில் ‘கண்டம்’ என்றால் உயிருக்கு வரும் ஆபத்து என்றும் ஒரு பொருள் உண்டு. பெயர் தற்செயலாகப் பொருந்திவிட்டது!) அதுவரை வந்த ராட்சத ரோபோ கார்ட்டூன்களில் வாரம் ஓர் அரக்கன் வருவான், வாரம் ஒரு வெற்றி கிடைக்கும். இத்தொடரிலோ ரோபோ வெறும் போர்க்கருவி. அதை ஓட்டுபவன் போரை வெறுக்கும் பதினைந்து வயதுப் பையன். பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தது. விளம்பரம் கொடுத்த பொம்மைக் கம்பெனியின் விற்பனையும் எதிர்பார்த்தபடி இல்லை. 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர், 1980 ஜனவரியில் 43 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது.

அதை மீட்டெடுத்தவர்கள் பார்வையாளர்களே. மறுஒளிபரப்பின்போது ரசிகர் கூட்டம் பெருகியது. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் மாதிரிகளை வாங்கக் கடைகளில் வரிசை நின்றது. அதன்பின் தொடரைச் சுருக்கியும் புதிய காட்சிகளைச் சேர்த்தும் மூன்று திரைப்படங்கள் உருவாயின. முதற்படம் 1981 மார்ச் 14ஆம் நாளும், இரண்டாவது அதே ஆண்டு ஜூலையிலும், மூன்றாவது 1982 மார்ச்சிலும் திரைக்கு வந்தன. முதற்படத்துக்குச் சில வாரங்கள் முன், 1981 பிப்ரவரி 22 அன்று, தோக்கியோவின் ஷின்ஜுக்குவில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டு, ‘கார்ட்டூன் சிறுபிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று’ என்று உலகறியச் செய்தனர். ஒரு படைப்பின் தலையெழுத்தைப் பார்வையாளர் கருத்து மாற்றியமைத்ததற்கு இது நல்ல சான்று.

கதைச் சுருக்கம்

பூமியில் இடம் போதாமல் மனிதர்கள் விண்வெளியில் கட்டிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கே பிள்ளை பெற்று, உழைத்து, மடிகின்றனர். ஆனால் அவர்களை ஆளும் அதிகாரம் மட்டும் பூமியிலேயே இருக்கிறது. ‘எங்களை நாங்களே ஆள வேண்டும்’ என்று குரல் எழுப்புகிறார் ஜியோன் என்ற தலைவர். அவர் இறந்தபின் ஸாபி குடும்பம் ஆட்சியைப் பிடித்து, அவர் பெயரையே நாட்டுக்குச் சூட்டி, விடுதலைப் போர் என்ற பெயரில் பூமிக் கூட்டாட்சியைத் தாக்குகிறது. முதல் மாதத்திலேயே மனித இனத்தில் பாதி அழிகிறது. இறந்தவர்களில் மற்றக் குடியேற்றங்களில் வாழ்ந்த விண்வெளி மக்களும் அடங்குவர். யாருக்காகப் போர் என்று சொன்னார்களோ, அவர்களையே அந்தப் போர் முதலில் விழுங்கியது.

இந்தப் போரில் சிக்கும் சிறுவன்தான் அமுரோ. அவன் ஓட்டும் பதினெட்டு மீட்டர் உயர ரோபோவே கண்டம். எதிரணியின் புகழ்பெற்ற வீரன் ஷார், உண்மையில் மறைந்த தலைவர் ஜியோனின் மகன். ஸாபி குடும்பத்தைப் பழிவாங்கவே அவர்களது படையில் இருக்கிறான்.

பார்வையாளரின் மூன்று கருத்துகள்

இப்படங்களைப் பற்றி ரசிகர்களிடையே நிலவும் கருத்துகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ‘ரோபோ சண்டை அருமை’ என்பது. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இயந்திரத்துக்கும் குண்டு தீரும், பழுதாகும், பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று காட்டியதால்தான் சண்டைகள் நம்பும்படி இருக்கின்றன. தொடரில் இருந்த பொம்மைத்தனமான ஒரு துணை வாகனத்தைத் திரைப்படத்தில் நீக்கிவிட்டதையும் ரசிகர்கள் பாராட்டுகின்றனர்.

இரண்டாவது, ‘ஜியோன் பக்கமே நியாயம்’ என்பது. எங்கள் விடுதியில் இப்படங்களைப் பார்த்த நண்பர்கள் சிலரும் இதையே சொன்னார்கள். ‘தூரத்தில் இருந்துகொண்டு ஆள்பவனை எதிர்ப்பது தவறா?’ என்பது அவர்கள் கேள்வி. ஷாரின் அழகும் வீரமும் இக்கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன.

மூன்றாவது, ‘இது போருக்கு எதிரான படம், இரு தரப்பும் ஒன்றே’ என்பது. இக்கருத்தினர் பெரும்பாலும் லாலாவைச் சுட்டுவர். இந்திய வம்சாவளியாகப் படைக்கப்பட்ட இந்த இளம்பெண், தன்னைக் காப்பாற்றிய ஷாருக்காகப் போர்க்களம் வருகிறாள். அமுரோவின் மனத்தை அவள் அறிகிறாள். அவள் மனத்தை அவனும் அறிகிறான். இருந்தும், ஷாரைக் காக்கக் குறுக்கே வந்து அமுரோவின் தாக்குதலிலேயே மடிகிறாள்.

மூன்று கருத்துகளிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டாம் கருத்து குறையை மட்டும் பார்க்கிறது. மூன்றாம் கருத்து குறையை மறந்துவிடுகிறது. படம் நம்மிடம் கேட்பது வேறு: மக்களின் குறை உண்மையானதா என்பது ஒரு கேள்வி, அந்தக் குறையைக் கையில் எடுத்தவன் யார், அதை வைத்து என்ன செய்தான் என்பது இன்னொரு கேள்வி. முதற்படத்தில் கார்மா ஸாபி கொல்லப்பட்டபின், அண்ணன் கிரென் ஆற்றும் இரங்கலுரையைப் பாருங்கள். தம்பியின் சாவையும் மக்களின் வேதனையையும் ஒன்றாக்கிப் போர் வெறியை மூட்டுகிறான். அந்தத் தம்பியைச் சூழ்ச்சியால் சாகவிட்டவனோ அவர்களது படையிலேயே இருக்கும் ஷார்!

நம் மண்ணின் சான்று

இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்க நமக்கு விண்வெளி தேவையில்லை. தோட்டப்புற வரலாறே போதும்.

கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, ரப்பர் காட்டில் உழைத்து, தூரத்து அதிகாரத்தால் ஆளப்பட்டவர்கள் நம் முன்னோர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் நீக்கச் சொன்னார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களது குறை உண்மையானது என்பதில் ஐயமில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. ‘ஆசியா ஆசியருக்கே’ என்பது அவர்களது முழக்கம். வெள்ளைக்காரன் போனால் விடிவு வரும் என்று நம்பியவர்கள் உண்டு. ஆனால் 1942–43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட, மலாயாவிலிருந்து ஏறத்தாழ 75,000 தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டதாக வரலாற்று நூல்கள் கணக்கிடுகின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்தும் ஏற்றினர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மடிந்தனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் இத்துயரத்தைப் பேசுகின்றன. ஆசியருக்காக என்று வந்தவன் ஆசியரையே தண்டவாளத்துக்குக் கீழே புதைத்தான். ஜியோனின் கதையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு சான்று எங்கள் சித்தியவானிலேயே உண்டு. 1924இல் இவ்வூரில் பிறந்த சின் பெங், ஜப்பானியரை எதிர்த்து ஆங்கிலேயரோடு சேர்ந்து போராடி, அவர்களிடமே விருதும் பெற்றார். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் அதே ஆங்கிலேயரால் தேடப்படும் முதன்மை எதிரியானார். அந்தப் போராட்டம் சுதந்திரத்துக்குப் பின்னும் நீண்டு, 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாய் உடன்படிக்கையோடுதான் ஓய்ந்தது. எத்தனையோ குடும்பங்கள் அதில் உறவுகளை இழந்தன. இங்கே ‘நல்லவன், கெட்டவன்’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுத யாரும் எளிதில் துணிய மாட்டார்கள்.

கோவூர்கிழாரின் பார்வை

இப்பார்வை தமிழுக்குப் புதிதன்று. சோழன் நெடுங்கிள்ளி உறையூர்க் கோட்டைக்குள் அடைபட்டிருக்க, நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்தான். அப்போது இடையே சென்ற புலவர் கோவூர்கிழார், யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. உங்களில் எவரும் சேரரின் பனம்பூவோ பாண்டியரின் வேப்பம்பூவோ சூடியவர் அல்லர். இருவரும் ஆத்தி சூடியவர்கள். எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று எடுத்துரைத்ததைப் புறநானூற்றில் காண்கிறோம். புறத்திணை வீரத்தைப் போற்றுவது மட்டுமன்று. வீரத்தைத் தடுத்து நிறுத்துவதையும் அது போற்றியிருக்கிறது. மூன்றாம் படத்தின் முடிவில் அமுரோவும் வெற்றிக் கொடியை நோக்கிச் செல்வதில்லை. உயிர் தப்பிய தோழர்கள் காத்திருக்கும் சிறு கலத்தை நோக்கியே செல்கிறான்.

முடிவுரை

ஆக, ஒரு போர்ப்படத்துக்கு விமர்சனம் எழுதும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இதில் வரும் மக்களின் குறை என்ன? அக்குறையைப் பேசுபவன் அதனால் அடையும் ஆதாயம் என்ன? போருக்குப் பின் அந்த மக்களின் நிலை என்ன? ‘படம் சூப்பர்’, ‘படம் போர்’ என்பதைத் தாண்டிய விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது.

ஜப்பானில் தயாரான போர்ப்படத்தை, ஜப்பானியரால் துன்புற்றவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் ரசிக்கலாமா என்றும் சிலர் கேட்கக்கூடும். தாராளமாக ரசிக்கலாம். தோமினோ பிறந்ததே 1941இல்தான். போரின் சாம்பலில் வளர்ந்த தலைமுறை, முழக்கங்களை நம்பாதே என்று தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை இது. நம் வீட்டிலும் அக்காலத்தைக் கண்ட முதியவர்களோ, அவர்கள் வாய்மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களோ இருப்பார்கள். விடுமுறையில் வீடு திரும்பும்போது, நண்பர்களே, படத்தைப் பற்றிப் பேசிவிட்டு அந்தக் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள். எழுதப்படாத கருத்து, சொன்னவரோடு போய்விடும்.