ஆவடிக்கு மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் ஜூலை மாச சாயங்கால மழை எந்தத் திசையிலிருந்து வருது? நவம்பர் மழை எந்தத் திசையிலிருந்து? கூகுள் பண்ணாம, பக்கத்துல இருக்கிறவங்களைக் கேக்காம, பதிலை ஒரு பேப்பர்ல எழுதி மடிச்சு வையுங்க. "தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை"ன்னு பத்தாம் வகுப்பு பதிலை எழுதினா அரை மார்க்தான். நான் கேக்கிறது பருவத்தோட பெயரை இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு கறுத்துக்கிட்டு வருதே, அந்த மேகம் உங்க வீட்டு மொட்டைமாடியில நின்னா எந்தப் பக்கம் தெரியும்?

நம்ம சிலபஸ்ல வானிலை ஓரமாத்தான் வருது. சிவில் பசங்களுக்கு ஹைட்ராலஜியில மழைமானி படம் வரும், ஷேடிங் பண்ணி அஞ்சு மார்க் வாங்கலாம். மத்த டிபார்ட்மென்ட்டுக்கு அதுவும் கிடையாது. ஆனா இந்தப் பாடத்துக்கான லேப் முழுக்க இலவசமா திறந்து கிடக்கு. சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் டாப்ளர் ரேடார் இருக்கு. மீனம்பாக்கம் ஏர்போர்ட் அரை மணிக்கு ஒருமுறை காற்று, வெப்பம், அழுத்தம் சொல்லுது. அங்கிருந்தே ஒரு பலூன் மேலே போய் பல கிலோமீட்டர் உயரம் வரைக்கும் அளந்து அனுப்புது. எல்லாம் உங்க போன்லயே கிடைக்கும்.

இப்படி லைவ் டேட்டாவை வச்சு வானிலை கத்துக்கிறது ஒண்ணும் புதுசு இல்ல. 1991ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 'வெதர் அண்டர்கிரவுண்ட்' என்ற சேவை இப்படித்தான் தொடங்கியது. பிறகுதான் அது கம்பெனி ஆனது. நம்ம ஊருக்கு இதைவிட நீளமான கதை இருக்கு. நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வகம் 1792ல் வந்தது. 1796லிருந்து கோல்டிங்ஹாம் அங்கே வானிலையைப் பதிவு செய்தார். இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது 1875ல்தான். துறைக்கு முன்னாடியே நம்ம ஊர்ல டேட்டா இருந்திருக்கு.

இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு விதி: முதல்ல எழுது, அப்புறம் பார். காலையில 9 மணிக்கு உங்க ஊர் பெயர் போட்டு, இன்னைக்கு அதிகபட்ச வெப்பம் எவ்வளவு, கடல்காற்று எத்தனை மணிக்கு, மழைக்கு எத்தனை சதவீத வாய்ப்புன்னு மூணு வரி எழுதணும். ராத்திரி சரிபார்க்கணும். டேட்டாவை வெறுமனே வேடிக்கை பார்த்தா ஒண்ணும் ஒட்டாது. ஏற்கெனவே ஒரு நம்பரைச் சொல்லி மாட்டிக்கிட்டவனுக்குத்தான் "ஏன் இப்படி ஆச்சு"ன்னு தேடத் தோணும்.

முதல் பாடம் கடல்காற்று. மே, ஜூன் மாசம்தான் சரியான நேரம். ஏர்போர்ட் வானிலைச் செய்திக்கு மெட்டார்னு பெயர். பார்க்க ஓடிபி மாதிரி இருக்கும், ஆனா படிக்க அஞ்சு நிமிஷத்துல பழகிடும். உதாரணத்துக்கு, காற்றுக்கான இடத்தில் 28008ன்னு இருந்தா முதல் மூணு இலக்கம் திசை, கடைசி ரெண்டு வேகம். அதாவது 280 டிகிரி, கிட்டத்தட்ட மேற்கிலிருந்து, 8 நாட் வேகத்துல. வெப்பம் 38/20ன்னு இருந்தா காற்று 38 டிகிரி, பனிப்புள்ளி 20. காற்றை எவ்வளவு குளிர்வித்தா அதிலுள்ள ஈரம் பனியா மாறத் தொடங்குமோ அதுதான் பனிப்புள்ளி. அது உயர்ந்தா காற்றுல ஈரம் கூடுதுன்னு அர்த்தம்.

இப்போ ஒரு மணி நேரம் கழிச்சு அதே இடத்தில் 12012, 35/26ன்னு வருதுன்னு வச்சுக்கோங்க. காற்று தென்கிழக்குக்கு மாறிடுச்சு, வெப்பம் 3 டிகிரி குறைஞ்சது, பனிப்புள்ளி 6 டிகிரி ஏறிடுச்சு. கடல்காற்று மீனம்பாக்கத்தைத் தாண்டிடுச்சு. கணக்குப் போட்டா ஈரப்பதம் சுமார் 35 சதவீதத்திலிருந்து 60க்குப் போகுது. "வெயில் குறைஞ்சும் ஏன்டா இப்படி வேர்க்குது"ன்னு வீட்டுல கேட்டா சொல்ல பதில் ரெடி.

மேற்குப் புறநகர்க்காரங்களுக்கு இங்கதான் விஷயமே. கடலிலிருந்து அம்பத்தூர் ஏறக்குறைய 15 கிலோமீட்டர், ஆவடியும் பூந்தமல்லியும் 20 கிலோமீட்டர். மெரினாவுல காற்று வாங்குறவங்களுக்கு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் நமக்கு வந்து சேரும். மேற்கிலிருந்து அடிக்கிற காற்று பலமா இருந்தா வராமலே போகும்; அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அனல்தான். உங்க கிளாஸ்ல கடற்கரைப் பக்கம் இருக்கிற ஒருத்தர், அம்பத்தூரில் ஒருத்தர், ஆவடியில் ஒருத்தர், மூணு பேரும் காற்று திரும்புற நேரத்தை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்க. தூரத்தை நேரத்தால வகுத்தா கடல்காற்று முகப்போட வேகம் கிடைச்சிடும். எந்த டெக்ஸ்ட்புக்கும் அந்த நாளோட நம்பரைத் தராது. கொடி, வேப்பமரக் கிளை, ஊதுபத்தி புகை, எதை வச்சும் திசை பார்க்கலாம்.

ரெண்டாவது பாடம் ரேடார். இதுல ஒரு குழப்பத்தை முதல்ல தீர்த்துக்கணும். போன்ல வர வெதர் ஆப் காட்டுற மேகப் படம் பல நேரம் கம்ப்யூட்டர் மாடல் போட்ட கணக்கு. ரேடார் படம் நிஜமாவே அலை போய் மழைத்துளியில பட்டுத் திரும்பி வந்தது. ரெண்டையும் ஒண்ணா நினைச்சு ஸ்கிரீன்ஷாட் பார்வர்ட் பண்றவங்க நிறைய பேர். வானிலைத் துறையோட தளத்துல சென்னை ரேடாரைத் திறந்தா நிறங்கள் இருக்கும், பக்கத்துல டிபிஇசட் அளவுகோல். 20 சொச்சம்னா தூறல், 40 தாண்டினா நல்ல மழை, 50க்கு மேலன்னா துணி காயப்போட்டவங்க ஓடணும். ரேடார் அலை நேரா போகும், பூமி வளையும். அதனால தூரம் போகப் போக அலை தரையை விட்டு உயர்ந்துக்கிட்டே போகும். அரை டிகிரி சாய்வுல அனுப்பினா ஆவடிக்கு மேல சுமார் 200 மீட்டர் உயரத்துல பார்க்குது, 200 கிலோமீட்டர் தூரத்துலயோ 4 கிலோமீட்டருக்கும் மேல. தூரத்து ஊர் மழை ரேடார்ல சின்னதா தெரியறதுக்கு இது ஒரு காரணம். நமக்குக் கவலை இல்ல, நாம பக்கத்துலயே இருக்கோம்.

இப்போ மடிச்சு வச்ச பேப்பரைத் திறங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்கால இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வருது. மதியம் வேலூர், ராணிப்பேட்டை, சித்தூர் பக்கம் நிலம் சூடாகி மேகம் எழும்புது. மேல்மட்டத்துல வீசுற மேற்குக் காற்று அதைக் கிழக்கே தள்ளுது. இந்தப் பக்கத்திலிருந்து நம்ம கடல்காற்று ஈரத்தோட உள்ளே போகுது. ரெண்டும் முட்டிக்கிற இடத்துல காற்று மேலே போறதைத் தவிர வழியில்ல. அந்த இடம் பல நாள் நம்ம தலைக்கு மேலதான். அதனால்தான் திருநின்றவூரிலும் ஆவடியிலும் கொட்டுற நாள்ல அண்ணா நகரில் வெறும் இடிச் சத்தத்தோட முடிஞ்சு போறதும் நடக்குது. நவம்பரில் படம் தலைகீழ். மழைப் பட்டைகள் வங்காள விரிகுடாவிலிருந்து வரும், கடற்கரை முதல்ல நனையும், நடுராத்திரியும் விடியற்காலையும் அதிகமா பெய்யும். ரேடார் படத்துல ஜூலையில இடது பக்கம் பாருங்க, நவம்பரில் வலது பக்கம்.

ரேடாரை வச்சு ஒரு மணி நேரத்துக்கு நீங்களே கணிக்கலாம். அடுத்தடுத்த படங்கள் ரெண்டு எடுத்து, மேகம் எத்தனை கிலோமீட்டர் நகர்ந்ததுன்னு அளந்து, அதே வேகத்துல உங்க ஊருக்கு எப்போ வரும்னு பாருங்க. பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனா மேகம் வழியில செத்துப் போகலாம், புதுசா பிறக்கலாம், நகராம அப்படியே நிக்கலாம். 2021 டிசம்பர் 30ல் சென்னையில அப்படி ஒரு மழை பெய்தது. பெரிய மழைன்னு முன்கூட்டியே யாரும் சொல்லல. சிவப்பு எச்சரிக்கை வரும்போது ஊர் ஏற்கெனவே தண்ணியில. மாடல் கணக்கை மட்டும் நம்பி இருக்கிறதுக்கும் ரேடாரைத் திறந்து வச்சிருக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மாதிரி நாள்லதான் தெரியும்.

மூணாவது பாடம்தான் எனக்கு முக்கியமா படுது: மழை அளவு. வானிலைத் துறை சொல்ற 24 மணி நேர மழை காலை 8:30லிருந்து மறுநாள் காலை 8:30 வரை. அதனால டிசம்பர் 2 தேதியிட்ட பட்டியல்ல இருக்கிற மழையில பெரும்பகுதி டிசம்பர் 1ல் பெய்தது. 2015 டிசம்பர் 2 காலைப் பட்டியலில் தாம்பரம் 49 செ.மீ., செம்பரம்பாக்கம் 47 செ.மீ. அதிகனமழைன்னு சொல்றதுக்கான வரம்பே 20.4 செ.மீ. தான்.

அந்த 47ஐ அப்படியே விடாதீங்க, கணக்குப் போடுங்க. 100 சதுர கிலோமீட்டர் நிலத்துல 47 செ.மீ. பெய்து முழுக்க ஓடி வந்தா, 4.7 கோடி கனமீட்டர், அதாவது சுமார் 1,660 மில்லியன் கனஅடி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அந்த ராத்திரி ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்து விட்டாங்க. விநாடிக்கு 1,000 கனஅடி ஒரு நாள் ஓடினா 86.4 மில்லியன் கனஅடி. 29,000 அப்படியே ஒரு நாள் முழுக்க ஓடியிருந்தா ஏரியில மூணுல ரெண்டு பங்குக்கு மேல காலி. அது பூந்தமல்லி பக்கத்து ஏரி, ஆனா மூழ்கினது அடையாற்றங்கரை. முன்னாடியே எவ்வளவு திறந்திருக்கணும்ங்கிற விவாதம் இன்னும் முடியல. அதுல பேசணும்னா இந்த மூணு நம்பரும் கையில இருக்கணும். சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் இருப்பு, வரத்து, வெளியேற்றம் எல்லாத்தையும் தளத்துல போடுது. அக்டோபர்ல தொடங்கி தினமும் ஒரு எக்செல்ல ஏத்திக்கிட்டே வாங்க. மேலே எவ்வளவு மழை பெய்ஞ்சா எத்தனை மணி நேரம் கழிச்சு வரத்து ஏறுதுன்னு அந்தக் கோடே சொல்லும்.

உங்க வீட்டு மழையையும் அளக்கலாம். நேரான சுவர் உள்ள டப்பான்னா ஸ்கேலை விட்டுப் பார்த்தாலே போதும், வாய் அகலம் எவ்வளவா இருந்தாலும் ஆழம் ஒண்ணுதான். பக்கெட் மாதிரி கீழே குறுகினா தண்ணியை அளந்து வாய்ப் பரப்பால வகுக்கணும். 24 செ.மீ. வாய் உள்ள பக்கெட்ல 1.8 லிட்டர் சேர்ந்தா ஏறக்குறைய 40 மி.மீ. மொட்டைமாடியில சுவர் ஓரமா வைக்காதீங்க, டேங்குக்கு அடியிலும் வைக்காதீங்க. தானியங்கி மழைமானியையும் கண்ணை மூடிட்டு நம்ப வேண்டாம். சுத்தி எல்லா இடத்திலும் 60 மி.மீ. காட்டும்போது ஒண்ணு மட்டும் 0 காட்டினா, அங்க வெயில் அடிச்சதுன்னு இல்ல, புனல்ல இலை அடைச்சிருக்கும்.

கடைசியா மார்க் போடுறது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு நடுவுல ஓக்லஹோமா பல்கலைக்கழகம் ஒரு கணிப்புப் போட்டியே நடத்துது, நாம டிபார்ட்மென்ட்டுக்குள்ள நடத்தலாம். மழைக்கு 70 சதவீதம்னு சொல்லி மழை பெய்தா, 0.7க்கும் 1க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தினா 0.09. பெய்யலன்னா 0.49. மாசக் கடைசியில சராசரி யாருக்குக் குறைவோ அவங்க ஜெயிச்சாங்க. எல்லா நாளும் 50 போட்டுத் தப்பிக்கிறவனுக்கு 0.25லேயே நிக்கும். "நேத்து மாதிரியே இன்னைக்கும்"னு சொல்ற ஒரு டம்மி ஆளையும் போட்டியில சேருங்க. முதல் ரெண்டு வாரம் பாதிப் பேர் அவன்கிட்ட தோத்துடுவாங்க, பந்தயம் கட்டலாம்.

சென்னை பலூன் டேட்டா வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் 43279 என்ற எண்ணில் கிடைக்கும். அதைப் படிக்கிறது அடுத்த இதழ்ல. அதுவரைக்கும் ரேடார் படத்துலயும் மெட்டார்லயும் இருக்கிறது உலகப் பொது நேரம், அதோட அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கோங்க. 0830ன்னு இருந்தா நம்ம மதியம் ரெண்டு மணி.