வாசல் ஒன்று, காவலர் இருவர்

லூபோக் சீனாவிலிருந்து மஸ்ஜித் தானா போகும் சாலையில் மரம் விழுந்தால் ஓட்டுநர் வேறு வழி தேடுவார். உங்கள் பள்ளிக் கணினிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, மாணவர்களே. வெளியுலகுக்குப் போகும் தகவல் அனைத்தையும் அது ஒரே ஓர் ஐ.பி. முகவரியிடம்தான் ஒப்படைக்கும். அந்த முகவரிக்குரிய கருவிக்கு நுழைவாயில் என்று பெயர். அது பழுதானாலும் கணினி அதே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே இன்னொரு கருவி இருந்தும் பயனில்லை. அதன் முகவரி கணினிக்குத் தெரியாதே!

இதற்கான தீர்வு, இரு கருவிகளுக்கும் பொதுவான ஒரு மெய்நிகர் முகவரி. 1998-இல் வெளியான வி.ஆர்.ஆர்.பி. என்னும் நெறிமுறை இதைச் செய்கிறது. ரவுட்டர் வேலையும் பார்க்கும் இரு சுவிட்சுகளின் சொந்த முகவரிகள் 192.168.10.2, 192.168.10.3 என்று கொள்வோம். கணினிகளுக்கு நாம் கொடுப்பதோ 192.168.10.1. முதல் சுவிட்சுக்கு முன்னுரிமை எண் 120, இரண்டாவதற்கு 100. பெரிய எண் உள்ளதே தலைமை ஏற்கும். "நான் இருக்கிறேன்" என்று வினாடிக்கு ஒரு முறை அறிவிக்கும். 3 வினாடி சத்தமே இல்லையா? துணை சுவிட்ச் மேலும் (256 − 100) ÷ 256, அதாவது சுமார் 0.61 வினாடி பொறுத்துவிட்டுப் பொறுப்பேற்கும். இது என்ன விசித்திரக் கணக்கு என்கிறீர்களா? துணைகள் பல இருந்தால், பெரிய எண் உள்ளது சற்று முன்னதாக எழ வேண்டும், அதற்குத்தான். மெய்நிகர் முகவரிக்கென்று தனி மேக் முகவரியும் உண்டு. அதுவும் கைமாறுவதால், கணினிகளுக்கு ஆள் மாறியதே தெரியாது.

பலர் கோட்டை விடும் இடம் வேறு. தலைமை சுவிட்ச் நலமாக இருக்கிறது, ஆனால் அதன் வெளி இணைப்பு அறுந்துவிட்டது. உள்ளே அறிவிப்பு வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கும், துணை அசையாது. ஆகவே, வெளி இணைப்பைக் கண்காணித்து, அது அறுந்தால் முன்னுரிமை 30 குறையும்படி அமைப்பார்கள். 120 என்பது 90 ஆகும், 100 முந்திக்கொள்ளும். 10 மட்டும் குறைத்தால் என்ன ஆகும்? நீங்களே கணக்கிடுங்கள்.

துணை சுவிட்ச் சும்மா கிடப்பது வீண்தான். 192.168.10.254 என்று இரண்டாவது மெய்நிகர் முகவரியை உருவாக்கி, அதற்கு இரண்டாம் சுவிட்சைத் தலைமையாக்கலாம். 30 கணினிகளில் 15 ஒரு முகவரிக்கு, 15 மற்றதற்கு. சுமை பகிர்ந்தாயிற்று. ஆனால் 100 மெகாபிட் இணைப்பு ஒவ்வொன்றும் 70 மெகாபிட் சுமந்தால், ஒன்று விழும்போது மற்றது 140-ஐத் தாங்க வேண்டும். முடியுமா?

இரட்டை வழி இருந்தும் ஏமாந்த கதை உலகிலேயே உண்டு. மலாக்காவையும் சென்னையையும் தொடும் சீ-மீ-வீ 4 கடலடிக் கேபிள், 30.1.2008 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே அறுந்தது. அதே பகுதியில், அதே நாளில், ஃபிளாக் கேபிளும் அறுந்தது. இந்தியாவில் இணையம் பெரிதும் முடங்கியது.

பள்ளிக் கணினி அறையில் இரண்டு சுவிட்சுகள் இருந்தால், ஆசிரியரிடம் அனுமதி பெற்று, அவற்றின் மின்கம்பிகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பாருங்கள். இரண்டும் ஒரே பிளக்கிலா?