தெரபி கொடுப்பவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?



குடும்ப நலம் என்றால் அளவான குடும்பமும் தடுப்பூசியும் மட்டும் அல்ல. பிறந்த பிள்ளை தானாகச் சாப்பிடவும் சட்டை போடவும் கற்றுக்கொள்வது குடும்ப நலத்தில் சேர்ந்ததுதான். பக்கவாதம் வந்து படுத்த பெரியவர் மறுபடி தன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதும் அப்படியே. இதற்கு உதவுகிற சிகிச்சைக்குத் தொழில்வழி சிகிச்சை என்று பெயர். ஆக்குபேஷனல் தெரபி என்பார்கள். நம் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து 'தெரபி' என்றே சொல்லிவிடுகிறோம். ஏமாறுகிற இடமும் அதுதான்.

ஆறுமுகநேரியில் உப்பளத்து வேலைக்குப் போகிற ஒரு தாய், நாலு வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நமது கூட்டத்துக்கு வந்திருந்தார். பிறக்கும்போது மூச்சுத் திணறிய பிள்ளை. வலது கை மடங்கியே இருக்கும். வெளியூரில் ஓர் இடத்துக்கு வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் போய் வருவதாகச் சொன்னார். "மாசம் நாலாயிரம் ரூவா வாங்குதாவ சார். சுவத்துல சர்டிபிகேட்டெல்லாம் மாட்டிருக்காவ" என்றார். எட்டு மாதமாயிற்று. கம்மல் அடகுக்குப் போய்விட்டது. அங்கே நடந்தது இவ்வளவுதான்: கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்துவார்கள், பிள்ளை அலறுவான், அன்றைய தெரபி முடிந்தது. சுவரில் மாட்டியிருந்த தாளை மகளிர் குழு அக்கா ஒருவர் செல்போனில் படம் எடுத்து வந்து காட்டினார். ஆறு வாரப் பயிற்சி முடித்ததற்கான தாள் அது. பட்டமும் இல்லை, பல்கலைக்கழகப் பெயரும் இல்லை.

இதில் என் தவறும் உண்டு. முதல் தடவை அந்தத் தாய் கேட்டபோது "தெரபிக்குப் போவது நல்லதுதானம்மா" என்று சொல்லி அனுப்பியவன் நான். யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

பிறகு அரசு ஆஸ்பத்திரியில் முறையாகப் படித்தவர் பார்த்தார். முதல் நாள் அவர் பிள்ளையின் கையைத் தொடவே இல்லை. எப்படி உட்காருகிறான், எதைப் பார்த்தால் எட்டிப் பிடிக்கிறான் என்று கவனித்தார். முதுகுக்குச் சாய்மானம் வைத்தார். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தார். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று தாய்க்கும் சொல்லிக் கொடுத்தார். இயன்முறை மருத்துவர், அதாவது பிஸியோதெரபிஸ்ட், தசைக்கும் மூட்டுக்கும் பலம் சேர்ப்பார். தொழில்வழி சிகிச்சையாளர் அந்தக் கையால் அன்றாட வேலை நடக்கும்படி செய்வார். தொழில் என்றதும் தச்சு, தையல் கற்றுத் தருவது என்று எண்ண வேண்டாம். பிள்ளைக்கு விளையாட்டுத்தான் தொழில். உப்பளத் தொழிலாளிக்கு வாருபலகை பிடிப்பது தொழில்.

நமது நாட்டில் இந்தப் படிப்பு 1950-இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் தொடங்கியது, தொடங்கி வைத்தவர் கமலா நிம்ப்கர் அம்மையார். 1952-இல் அகில இந்தியச் சங்கமும் அமைந்துவிட்டது. ஆனால் சங்கம் வேறு, சட்டப்படியான பதிவேடு வேறு. சங்கத்தில் சேராமலும் ஒருவர் தொழில் நடத்தலாம். பதிவேட்டுச் சட்டம் வந்துவிட்டால், அதில் பெயர் இல்லாதவர் நடத்தக் கூடாது. சென்னை மாகாணத்தில் டாக்டர்களுக்கு 1914-லும், நர்சுகளுக்கும் தாதியருக்கும் 1926-லும் அப்படிச் சட்டம் வந்தது. தொழில்வழி சிகிச்சைக்கோ டெல்லியில் 1997-லும் மகாராஷ்டிரத்தில் 2002-லும்தான் சட்டம் இயற்றினார்கள். நாடு முழுவதற்கும் சேர்த்து 2021-இல்தான் வந்தது. நர்சம்மாவுக்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷம்! இந்த இடைவெளியில்தான் ஆறு வாரத் தாள்கள் சுவரேறின.

2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மருத்துவம் சார்ந்த தொழில்களைப் பத்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். இயன்முறை மருத்துவம் ஒரு வகை, தொழில்வழி சிகிச்சை ஒரு வகை, ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே, ஊட்டச்சத்து என்று இப்படி. டெல்லியில் தேசிய ஆணையம் இருக்கும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கவுன்சிலை அந்தந்த மாநில அரசு அமைக்க வேண்டும்.

மாநிலக் கவுன்சிலில் யார் யார்? தலைவர் ஒருவர், இந்தத் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். மாநில அரசின் மருத்துவத் துறை சார்பில் ஒருவர். அரசு மருத்துவக் கல்லூரிகள் சார்பில் இருவர். தர்ம ஸ்தாபனங்கள் சார்பில் இருவர். பிறகு பத்து வகைக்கும் வகைக்கு இருவர். ஆக, தொழில்வழி சிகிச்சைக்கு என்று அங்கே இரண்டு நாற்காலி. தொழிலாளர் சங்கத் தேர்தல் மாதிரி ஓட்டுப் போட்டு வருகிறவர்கள் அல்ல, அரசு நியமிக்கிறது. எனக்கு ஒரு குறை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு போர்டு வைத்து 1970-களிலிருந்தே லைசென்ஸ் கொடுத்து வருகிறார்கள். அங்கே பல போர்டுகளில் தொழிலைச் சேராத பொதுஜனம் ஒருவரையும் உட்கார வைக்கிறார்கள். நம் கவுன்சிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிற தாய்க்கென்று நாற்காலி இல்லை.

கவுன்சிலுக்குக் கீழே நாலு வாரியங்கள். இரண்டு வாரியங்கள் படிப்பைக் கவனிக்கின்றன, பட்டப்படிப்புக்கு ஒன்று, மேற்படிப்புக்கு ஒன்று. மூன்றாவது கல்லூரிகளைச் சோதித்துத் தரம் பார்க்கிறது. நாலாவதுதான் உங்களுக்கும் எனக்கும் வேண்டியது: நெறிமுறை மற்றும் பதிவு வாரியம். மாநிலப் பதிவேடு அதன் பொறுப்பு. தகுதி உள்ளவரைப் பதிவதும், முறைகேடாக நடந்தவரை விசாரிப்பதும் அதன் வேலை. பதிவானவரின் பெயர் மத்தியப் பதிவேட்டிலும் ஏறும். தவறு செய்தவர் தரப்பையும் கேட்ட பிறகு பெயரை நீக்கலாம். பதிவில்லாமலே தொழில் நடத்தினால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பதிவுக்குத் தகுதி இலேசானதல்ல; இந்த வகைத் தொழிலுக்கு 3,600 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். ஆறு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து படித்தாலும் ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம்தான் தேறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்று இருக்கிறது. சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்கள் அதில் பதிகிறார்கள். அந்த எண் உண்மையானதே. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒருவர் தொழில்வழி சிகிச்சையாளர் ஆகிவிட முடியாது. எண்ணைக் காட்டினால் எந்தத் தொழிலுக்கு உரிய எண் என்று கேளுங்கள்.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம் அல்லவா? "அண்ணாச்சி, நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க, பதிவு நம்பர் என்ன?" என்று கேட்டால், முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார். பட்டப்படிப்பு என்றால் நாலு ஆண்டுக்கு மேல். பல்கலைக்கழகத்தின் பெயர் சான்றில் இருக்கும்.

"பதிவு இன்னும் முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால் உடனே பொய்யர் என்று முடிவு கட்ட வேண்டாம். கவுன்சில் அமைப்பதில் பல மாநிலங்கள் சுணங்கின. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, அக்டோபர் 12-க்குள் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும்படி சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிலையில் பட்டச் சான்றைப் பாருங்கள், நகல் கேளுங்கள். பட்டமும் இல்லை, பதிவும் இல்லை என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் தொடக்கநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டுப் போங்கள். வளர்ச்சி தாமதப்பட்ட பிள்ளைகளுக்காகவே 2013 முதல் நடக்கிற திட்டம் அது. காசு கிடையாது.

புகார் எழுதுவதாக இருந்தால் ஊர், தேதி, சிகிச்சை கொடுத்தவர் பெயர், வாங்கிய பணம், நடந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ரசீதும் சான்றின் படமும் சேர்த்து மாநிலக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். ரசீது கொடுக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். எழுத வராதவர்கள் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் எழுதித் தருவார். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.